13 மீட்டர் கழியும் 4 பசங்களும்

டப்புன்னு ஒரு சத்தம். கரும்ப முட்டில வச்சு ஒடிச்சா வருமே, அந்த மாதிரி. ஏரிக்கரைல உக்காந்திருந்த அத்தன பேரும் திரும்பிப் பாத்தாங்க. 11 வயசுப் பையன் கைல பாதித் தூண்டில் கழி இருக்கு, மீதிப் பாதி தண்ணில மெதந்துக்கிட்டு போகுது, போகுதுன்னா சும்மா இல்ல, ஒரு கெண்டை அத இழுத்துக்கிட்டு போகுது. பையன் அழல. என்னைத்தான் பாத்தான். தப்பு யாரோடதுன்னு அவனுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் ஒத்துக்க ஒரு வாரம் ஆச்சு.

இது போன வருஷம் மே மாசம், இங்கிலாந்துல லெஸ்டர் பக்கத்துல ஒரு கமர்ஷியல் ஏரில நடந்தது. கமர்ஷியல்னா டிக்கெட் வாங்கி மீன் பிடிக்கற இடம், கெண்டைய நெருக்கமா விட்டு வச்சிருப்பாங்க, பிடிச்சு திரும்ப விட்டுடணும், வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாது. அங்க கோச் லைசென்ஸ் வச்சிருக்கற பெரியவர் ஒருத்தர் சனிக்கிழமை காலைல பசங்களுக்குச் சொல்லிக்குடுப்பாரு, நான் அவருக்கு எடுபிடி. பசங்களோட பழகறதுனால எனக்கும் டிபிஎஸ் செக், அதாவது போலீஸ் ரெக்கார்டு பாக்கறது, எல்லாம் முடிச்சுதான் சேத்துக்கிட்டாங்க. அந்த சீசன்ல அடிப்படை தெரிஞ்ச 4 பேர தனியா என்கிட்ட விட்டாரு, "இவங்கள அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போ"ன்னு. என் பையன் 13 வயசு, இங்கிலீஷ்காரப் பொண்ணு ஒண்ணு 14, போலந்துக் குடும்பத்துப் பையன் 12, அப்பறம் கழிய ஒடிச்ச குஜராத்திப் பையன். அவங்க வீடு சுத்த சைவம், பிடிச்சு விட்டுடுவாங்கன்னு தெரிஞ்சப்பறம்தான் பாட்டி சரின்னாங்களாம். போலந்துப் பையன் வீட்ல நேர் எதிர், கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி சாப்பாடே கெண்டைதான். ரெண்டு பேரும் கால் வச்ச ஒரே உக்கார்ற பெட்டில மாத்தி மாத்தி உக்காந்து மீன் பிடிப்பாங்க, பாக்கவே ஜாலியா இருக்கும்.

போல் தூண்டில் தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். இதுல ரீல் கெடையாது. நம்ம ஊரு மூங்கில் தூண்டில் மாதிரியேதான், நுனில நரம்பு, தக்கை, ஈயம், முள்ளு. ஆனா கழி கார்பன் ஃபைபர் குழாய், ஒண்ணோட ஒண்ணு சொருகிக்கிட்டே போனா 13 மீட்டர், 14.5, சில பேரு 16 மீட்டர் வரைக்கும் நீட்டுவாங்க. நுனிப் பக்கம் இருக்கற துண்டுகளுக்கு டாப் கிட்னு பேரு, அதுக்குள்ள ஒரு எலாஸ்டிக் ஓடுது. மீன் இழுத்தா எலாஸ்டிக் வெளிய வரும், மீன் சோர்ந்தா உள்ள போகும், ரீல் செய்யவேண்டிய வேலைய ரப்பர் செய்யுது. மீன் மாட்டினதும் முழுக் கழியையும் நமக்குப் பின்னாடி இருக்கற ரோலர் மேல உருட்டி உருட்டி தள்ளி, டாப் கிட்ட மட்டும் கழட்டி எடுத்து வலைல வாங்கணும். கழிய அப்படி முன்னாடி அனுப்பறதும் பின்னாடி வாங்கறதும் ஷிப்பிங். கேக்க ஈசி.

நான் கும்பகோணம் பக்கம். எங்க அப்பா வெட்டிக் குடுத்த மூங்கில், மயிலிறகுத் தண்டுல தக்கை, மண்புழு, இதோட வாய்க்கால் மதகுல உக்காந்து வளந்தவன். இங்க வந்த புதுசுல அந்தப் பெரியவர் ஒரு பழைய தக்கை டப்பாவ தொறந்து காட்டினாரு, உள்ள மயிலிறகுத் தண்டு! இங்கயும் பழைய ஆளுங்க அதத்தான் வச்சிருந்திருக்காங்க. எனக்கு என்னவோ சொந்தக்காரங்களப் பாத்த மாதிரி ஆயிடுச்சு, அன்னிக்கு ஒட்டிக்கிட்டதுதான்.

சரி, ஏன் ஒடிஞ்சுது. பசங்க வீடியோல பெரிய ஆளுங்க 13 மீட்டர், 16 மீட்டர்ல போடறதப் பாத்துட்டு வராங்க, முதல் நாளே "அங்கிள் முழுசா போடலாமா"ன்னாங்க, நானும் அட்வான்ஸ்டு கிளாஸ்தானேன்னு நெனச்சு ஒவ்வொரு துண்டா சொருகிக் குடுத்தேன். கழி எடை என்னவோ 1 கிலோ சுத்துவட்டாரம்தான், ஆனா அந்த 1 கிலோ 13 மீட்டருக்கு நீண்டு நிக்கறப்ப முழு பாரமும் மணிக்கட்டுல வந்து உக்காரும். பையன் அரை மணி நேரம் பல்லக் கடிச்சுக்கிட்டு புடிச்சிருந்தான். கெண்டை மாட்டினதும் கை ஓஞ்சு போயிருந்துச்சு, ஷிப்பிங் பண்ணாம பயத்துல கழிய நேரா வானத்தப் பாத்து தூக்கினான், நடுத் துண்டு தாங்கல. மெதந்து போன பாதிய பெரியவர்தான் இன்னொரு கழி நுனியால கோத்து இழுத்தாரு, மீனையும் கழட்டி விட்டோம், அதுக்கு ஒண்ணும் ஆகல. துண்டு காசு நான்தான் குடுத்தேன், எவ்வளவுன்னு வீட்ல இன்னும் சொல்லல.

அடுத்த வாரத்துலேர்ந்து எல்லாருக்கும் 5 மீட்டர்தான். மூஞ்சி தொங்கிப் போச்சு பசங்களுக்கு. ஆனா கெண்டைக்கு ஏரி நடுவுல என்ன வேலை, வெயில் காலத்துல சாயங்காலம் ஆனா கரை ஓரமாதான் வரும், கோரைப் புல்லு வேர்லயும் பக்கத்துல ஆளு உக்கார்ற மரமேடைக்குக் கீழயும் மூக்க விட்டு நோண்டும். இங்க மேட்ச், அதாவது மீன்பிடிப் போட்டி, ஆடறவங்களும் கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஓரத்தத்தான் நம்பி வச்சிருப்பாங்க. 5 மீட்டர் கழில கையும் நோகாது, பசங்க தக்கையப் பாப்பாங்க, கழியத் தாங்கறதுலயே உசுரு போகாது. நீங்க யாருக்காவது சொல்லிக்குடுக்கறதா இருந்தா இத மட்டுமாவது எடுத்துக்கங்க, பையனோட உசரம், கை பலம் பாத்துதான் நீளம். 7 மீட்டர்ல 20 நிமிஷம் ஆடாம அசையாம வச்சிருந்தா அடுத்த துண்டு. என் பையனே ஆகஸ்ட் வரைக்கும் 9.5 மீட்டர் தாண்டல.

உக்கார்ற விதம் இன்னொண்ணு. பெட்டி உசரம் சரியா இருந்தா தொடை தரைக்கு இணையா இருக்கும், பாதம் தட்டையா பதியும், கழியோட அடிப் பாகம் தொடை மேல படுக்கும், முன்னங்கை அத அணைச்சுக்கும். பசங்களுக்கு பெரியவங்க பெட்டியக் குடுத்தா கால் தொங்கும், கால் தொங்கினா இடுப்பு ஆடும், இடுப்பு ஆடினா 9 மீட்டர் தள்ளி நுனி கூத்தாடும். பெட்டிக் கால குட்டையாக்கினதும் பாதிப் பிரச்சன போச்சு.

ஷிப்பிங் பழக ஒரு விளையாட்டு வச்சோம். கழி நுனில ஒரு குட்டிக் கப்ப மாட்டி, அது நெறைய தண்ணி ஊத்தி, முள்ளு நரம்பு எதுவும் இல்லாம, முன்னாடி அனுப்பி பின்னாடி வாங்கணும், யாரு கப்புல தண்ணி மிச்சம் இருக்கோ அவங்களுக்கு பிஸ்கட் பாக்கெட். முதல் நாள் நாலு பேர் கப்பும் காலி. கை ரெண்டும் மாறி மாறி போகணும், விட்டு விட்டு இழுத்தா கழி துள்ளும், துள்ளினா கப்புல இருக்கற தீனி வேற எங்கயோ கொட்டும், முள்ளு வேற எங்கயோ இருக்கும். மூணாவது வாரம் குஜராத்திப் பையன் முக்கால் கப்பு தண்ணியோட வந்தான். கழிய ஒடிச்சவனுக்குத்தான் அதத் தொடறதுல அத்தன மரியாதை.

இப்ப ஆழம் பாக்கற விஷயம். என்னக் கேட்டா இந்த விளையாட்டுல பாதி இதுதான், ஆனா பசங்களுக்கு இதுதான் போரோ போரு. முள்ளுல ஒரு ஈயக் குண்ட மாட்டி எறக்கி, தக்கை நுனி தண்ணிக்கு மேல தெரியற அளவுக்கு ஏத்தி எறக்கி சரி பண்ணணும். ஒரு எடத்துல பாத்துட்டு "ஆச்சு அங்கிள்"ன்னுடுவாங்க. அந்த 14 வயசுப் பொண்ணு மட்டும் வித்தியாசம். நோட்டு எடுத்துட்டு வந்து, கரைலேர்ந்து அரை மீட்டருக்கு ஒரு தரம் எறக்கிப் பாத்து, கோடு போட்டு வரைஞ்சுது, எங்க சரிவு தொடங்குது, எங்க சமதளம் ஆகுதுன்னு. 20 நிமிஷம் ஆச்சு, மத்த மூணும் அதுக்குள்ள தூண்டில் போட ஆரம்பிச்சிட்டானுங்க, கிண்டல் வேற. அன்னிக்கு அந்தப் பொண்ணு பிடிச்சது மூணு பேரும் சேந்து பிடிச்சத விட அதிகம்.

காரணம் சிம்பிள். சரிவுல தீனி போட்டா உருண்டு ஆழத்துக்குப் போயிடும், மீன் அது பின்னாடியே போகும், நம்ம முள்ளு மட்டும் மேல தனியா நிக்கும். சமதளம் தொடங்கற எடம்தான் தட்டு மாதிரி, போட்டது போட்ட எடத்துல இருக்கும். ஓரத்துல முழங்கால் அளவு தண்ணி இருந்தாலே போதும், அதுக்கும் கம்மியா இருந்தா மீன் பயப்படும், ரொம்ப ஆழமா இருந்தா மேலயும் கீழயுமா சுத்தும். ஆழம் கெடச்சதும் அத கழில ஒயிட்னரால ஒரு புள்ளி வச்சுடணும், நரம்பு அந்துபோயி வேற செட் மாட்டினா திரும்ப முதல்லேர்ந்து அளக்க வேணாம். அந்தப் பொண்ணோட நோட்ட அடுத்த வாரம் மூணு பசங்களும் ஜெராக்ஸ் கேட்டானுங்க, அது "நீங்களே அளந்துக்கங்க"ன்னுடுச்சு. சரியான ஆளு.

தக்கை, ஈயம் பத்தி ரொம்ப இழுக்கல. ஓரத்துக்கு குண்டா, நுனி தடிமனா உள்ள தக்கை, ஆழத்துக்கு ஒல்லி. மெயின் நரம்பு 0.19 மிமீ, முள்ளோட சேர்ற கடைசி சாண் நரம்பு 0.17, அந்தக் கடைசித் துண்டு வீக்கா இருக்கணும், ஏன்னா அறுந்தா அங்கதான் அறணும், மீன் வாய்ல வெறும் முள்ளோட போகும், தக்கை ஈயம் எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு போய் எங்கயாவது சிக்கிச் சாகக்கூடாது. முள்ளு 16ஆம் நம்பர், கொக்கில எதிர்முள் இல்லாதது, அது அந்த ஏரி விதி. கழி நுனிக்கும் தக்கைக்கும் நடுவுல நரம்பு எவ்வளவு குட்டையா இருக்கோ அவ்வளவு நல்லது, காத்து அடிக்கறப்ப புரியும்.

தீனிக்கு வரேன். இங்கதான் ரெண்டாவது தப்பு, இதுவும் நான் பண்ணினது. பசங்ககிட்ட "மீன் வரலன்னா தீனி போடுங்க"ன்னு பொத்தாம் பொதுவா சொல்லி வச்சிருந்தேன். ஜூன் மாசம், நல்ல வெயில், போலந்துப் பையன் கப்பு கப்பா பெல்லட்ட, அதாவது குட்டி உருண்டை மீன்தீனிய, கவுக்கறான், ஓரத்துல தண்ணி கொதிக்கற மாதிரி மீனு சுத்துது, வாலு வெளிய தெரியுது, தக்கை முங்குது முங்குது, இவன் ஒவ்வொரு தரமும் சுண்டறான், ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லன்னா பரவால்ல, முள்ளுல செதில் வருது. ரெண்டு மீன் முதுகுல மாட்டி, எலாஸ்டிக்க ஏரி அந்தப் பக்கம் வரைக்கும் இழுத்துட்டு போய் அந்துடுச்சு. பையன் வெறுத்துப் போயி "எனக்கு அதிர்ஷ்டமே இல்ல"ன்னு உக்காந்துட்டான்.

அதிர்ஷ்டம் இல்ல அது. அத்தன மீனு ஒரே எடத்துல முட்டி மோதறப்ப உடம்பு நரம்புல ஒரசும், தக்கை முங்கும், அது கடி இல்ல, ஒரசல். அளவுக்கு மேல தீனி விழுந்தா மீனு அடிலேர்ந்து மேல எழும்பி விழற தீனியவே பாத்துக்கிட்டு இருக்கும், நம்ம முள்ளு அடில கெடக்கும். பெரியவர் வந்து ஒண்ணும் பேசல, பையனோட பெல்லட் டப்பாவ எடுத்து மூடிட்டு, அவன் உள்ளங்கைல எண்ணி 6 பெல்லட் வச்சாரு. 4 மிமீ பெல்லட் 6. "இத நுனிக் கப்புல போட்டு அனுப்பு, தக்கை பக்கத்துலயே தட்டு, மீன் பிடிச்சா அடுத்த 6, பிடிக்கலன்னா 5 நிமிஷம் சும்மா இரு"ன்னாரு. அந்த 5 நிமிஷம் 12 வயசுப் பையனுக்கு எவ்ளோ பெரிய தண்டனைன்னு நெனச்சுப் பாருங்க. ஆனா கொஞ்ச நேரத்துல தக்கை ஆடாம அசையாம நின்னு, அப்பறம் ஒரே சீரா கீழ போச்சு. வாய்ல மாட்டின மீனு. அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள 9.

அதுக்கப்பறம் எங்க கிளாஸ்ல எண்ணித்தான் தீனி. எத்தன போட்டோம், எத்தன நிமிஷத்துல கடிச்சுதுன்னு ஒவ்வொருத்தரும் சத்தமா சொல்லணும். தக்கை சும்மா ஒரு நொடி முங்கி மேல வந்தா கைய தொடைக்கு அடில வச்சுக்கணும், முங்கினது முங்கினபடியே இருந்தா மட்டும் தூக்கு. தூக்கறதுன்னா சுண்டறது இல்ல, கழிய ஒரு சாண் உசத்தறது, அவ்ளோதான், மீதிய எலாஸ்டிக் பாத்துக்கும்.

கெண்டைக்கு காது கேக்காதுன்னு பசங்க நெனச்சுக்கிட்டு கரைல குதிச்சுக்கிட்டு இருந்தானுங்க. நெஜத்துல ரொம்ப நல்லாக் கேக்கும். அதோட காத்துப்பைலேர்ந்து உள்காது வரைக்கும் குட்டி குட்டி எலும்பா ஒரு சங்கிலி இருக்கு, தண்ணில வர்ற அதிர்வ அது கொண்டு போய் சேத்துடும். இத சொன்னதும் என் பையன் நம்பல. சரி வா பாக்கலாம்னு, ஓரத்துல மேஞ்சுக்கிட்டிருந்த ஒண்ணக் காட்டி, 4 மீட்டர் தள்ளி மரமேடைல செருப்புக் காலால ஒரு தட்டு தட்டினேன். சேத்து மேகம் மட்டும்தான் மிச்சம். அன்னிலேர்ந்து உக்கார்ற பெட்டிய தூக்கி வைக்கறது கூட பூ மாதிரிதான்.

மீன் மாட்டினப்பறம் செய்யறது எல்லாமே கழி தாழ்வா இருக்கணும்ங்கறதுல அடங்கும். கெண்டை முதல் ஓட்டம் ஓடறப்ப கழிய தாழ்த்தி அது போற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா சாச்சுப் புடிச்சா எலாஸ்டிக் சீரா நீளும், மீன் குழம்பிப் போய் திரும்பும். நாங்க 12, 14 நம்பர் ஹாலோ, அதாவது உள்ள கூடா இருக்கற எலாஸ்டிக்தான் போட்டோம், தடிமனான எலாஸ்டிக் போட்டா சின்ன மீனோட வாய் கிழியும், மெல்லிசா போட்டா மீன் பக்கத்து ஆளோட எடத்துக்குப் போய் குடித்தனம் பண்ணும். ஓட்டம் முடிஞ்சதும் ஷிப்பிங், டாப் கிட்ட கழட்டு, அப்பறம் புல்லர். டாப் கிட் அடில ஒரு அடைப்பான் மாதிரி இருக்கும், அது வழியா எலாஸ்டிக்க கையால இழுத்து இழுத்து நீளத்தக் குறைக்கலாம், மீன் கரைகிட்ட வந்து கடைசி அடம் புடிக்கறப்ப அதுதான் காப்பாத்தும். ஒரு கைல கழி, இன்னொரு கைல ரப்பர், வலைய எந்தக் கைல புடிக்கறதுன்னு குஜராத்திப் பையன் கேட்டான், நியாயமான கேள்வி. இழுத்த ரப்பர கழி புடிச்சிருக்கற கை வெரலாலயே அழுத்திக்கணும், ஃப்ரீயான கைல வலை. இத மீன் இல்லாமயே பழக்கினோம், எலாஸ்டிக் நுனிய ஒருத்தன் புடிச்சுக்கிட்டு மீனா நடிப்பான், இன்னொருத்தன் வாங்கணும். மீனா நடிக்கறதுக்கு அடிதடி.

வலைய மீன் பின்னாடி தொரத்தக் கூடாது. வலை தண்ணிக்குள்ள அசையாம இருக்கணும், மீன் தல மேல வந்து காத்த முழுங்கினப்பறம் அத வலை மேல இழுத்துட்டு வரணும். தொரத்தினா கடைசி நிமிஷத்துல ஒரு வால் அடி, முடிஞ்சுது கதை. இத நான் 100 தடவ சொல்லியிருப்பேன், என் பையன் 101ஆவது தடவ தொரத்தினான்.

பசங்க அதிகம் ரசிச்சது மக்கிங். இங்கிலீஷ்ல வழிப்பறிக்கு சொல்ற அதே வார்த்தை. என் வீட்டம்மா "ஏரில போய் என்னடா பசங்களுக்கு வழிப்பறி சொல்லிக்குடுக்கறீங்க"ன்னு கேட்டாங்க. கிட்டத்தட்ட அதேதான். வெயில் அடிக்கற மத்தியானம் கெண்டை மேல வந்து சோம்பேறித்தனமா ஊர்வலம் போகும், அப்ப அடில தீனி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறதுல அர்த்தமே இல்ல. குண்டுத் தக்கை, அதுக்குக் கீழ ஒரு அடி ரெண்டு அடிதான் நரம்பு, ஆனா தக்கைக்கும் கழிக்கும் நடுவுல நீளமா விட்டுக்கணும், 8 மிமீ பெல்லட்ட குட்டி ரப்பர் பேண்டுல முள்ளோட மாட்டி, தண்ணிக்கு மேல தொங்கவிட்டபடியே காத்துக்கிட்டு இருக்கணும். மீன் நெழல் தெரிஞ்சதும் அது போற வழில ஒரு முழம் முன்னாடி டொப்புனு போடணும். தல மேல போட்டா ஓடிடும், பின்னாடி போட்டா தெரியாது. சரியா விழுந்துச்சுன்னா வாய் வெள்ளையா தொறக்கறதே தெரியும், பசங்க மூச்ச புடிச்சுக்குவானுங்க.

இதுல எனக்கு அவங்கதான் வாத்தியார். எனக்கு 46 வயசு, போலரைஸ்டு கண்ணாடி போட்டும் மங்கலாத்தான் தெரியுது, அந்தப் பொண்ணு வெறுங்கண்ணால "இடது பக்கம், ரெண்டு, பெருசு பின்னாடி வருது"ன்னு சொல்லும். மீன் ஓடறதுக்குக் காரணம் நம்ம கழி நெழல் அது மேல விழறதுன்னு கண்டுபிடிச்சதும் அதுதான், சூரியன் பின்னாடி இருந்தா கழிய பக்கவாட்டுல கொண்டு போகணும்னு அதுவே மாத்திக்கிச்சு. ரெண்டு பேர் ஜோடியா வேல செய்யறப்பதான் மக்கிங் நல்லா வரும்னு அப்பறம் புரிஞ்சுது, ஒருத்தர் கண்ணு, ஒருத்தர் கை, 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் மாத்திக்கணும். பொதுவாவே 4 பசங்களுக்கு 4 கழி வேணாம், 2 போதும். வலை புடிக்கறவன் பாத்தே நெறைய கத்துக்கறான், கையும் ஓயாது.

பாதுகாப்பு பத்தி சுருக்கமா, ஆனா இதுல விளையாட்டே கெடையாது. கார்பன் கழி கரண்ட்ட கடத்தும். தலைக்கு மேல மின்சாரக் கம்பி போற எடத்துலேர்ந்து 30 மீட்டராவது தள்ளி உக்காரணும், கழிய சொருகின நெலைலயே நிமித்திப் புடிச்சுக்கிட்டு கரைல நடக்கக் கூடாது, இடி இடிச்சா கழிய கீழ போட்டுட்டு காருக்கு ஓடணும். ஜூலைல ஒரு நாள் நல்லா கடிச்சுக்கிட்டிருந்தப்ப இடி, எழுந்திரிங்கன்னா எழல, பெரியவர் ஒரு அதட்டு அதட்டினாரு பாருங்க, நானே ஓடிட்டேன். அப்பறம் மீன்பிடி லைசென்ஸ், 13 வயசு ஆகாதவங்களுக்கு வேணாம், 13லேர்ந்து 16 வரைக்கும் இலவசம், 2017லேர்ந்து அப்படி, ஆனா எடுத்து வச்சிருக்கணும். என் பையனுக்கு ஏப்ரல்ல 13 ஆனது எனக்கு ஞாபகமே வரல, ஒரு சனிக்கிழமை கார் பார்க்குல நின்னு போன்ல எடுத்தேன். மீனத் தொடறதுக்கு முன்னாடி கைய நனைக்கணும், காஞ்ச கை பட்டா அதோட வழவழப்பு உரிஞ்சு புண்ணாகும், புல்லுல போடக்கூடாது, ஈரமான மேட் மேலதான்.

பேச்சக் குறைக்கறதுதான் எனக்கு கடைசி வரைக்கும் வரல. பையன் தக்கையப் பாத்துக்கிட்டிருப்பான், நான் பின்னாடி நின்னு "உசத்து, தாழ்த்து, இப்ப இல்ல, இப்ப, அய்யோ"ன்னு கமென்ட்ரி. ஆகஸ்ட்ல அந்தப் பொண்ணு மரியாதையாவே கேட்டுச்சு, "அங்கிள், ஒரு பத்து நிமிஷம் நீங்க டீ குடிச்சுட்டு வரீங்களா?" போய் குடிச்சுட்டு வந்தேன். வலைல 3 மீனு. அதுலேர்ந்து ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்றது, இன்னிக்கு ஷிப்பிங்னா ஷிப்பிங் மட்டும், தக்கைய தப்பா விட்டாலும் வாயத் தொறக்கறது இல்ல. அப்பா அம்மாக்களுக்கும் அதே விதி. பக்கத்துலேர்ந்து கத்துற அப்பா ஒருத்தர் இருந்தா போதும், பையன் தக்கையப் பாக்காம அவர் மூஞ்சியத்தான் பாப்பான். நாங்க அவங்களுக்குன்னே கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டோம், ஃபிளாஸ்க்கோட.

ஒரு தடவ போலந்துப் பையன் கேட்டான், உங்க ஊர்ல கெண்டை உண்டான்னு. நிறைய இருக்கு, கட்லா, ரோகு எல்லாம் கெண்டைக் குடும்பம்தான், நீ பிடிக்கற இந்தக் கண்ணாடிக் கெண்டையே 1939ல இலங்கைலேர்ந்து ஊட்டி ஏரிக்கு வந்து சேந்துதுன்னு சொன்னேன். "அப்ப அங்க போய் மக் பண்ணலாமா?"ன்னான். தேயிலத் தோட்டத்துக்கு நடுவுல 13 மீட்டர் கழிய எங்கடா பின்னாடி தள்றதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை, பசங்களுக்குள்ளயே 3 மணி நேர மேட்ச். குஜராத்திப் பையன் இப்ப 11 மீட்டர் வரைக்கும் சுத்தமா ஷிப் பண்றான், அதுனால முதல் ரெண்டு மணி நேரம் தூரத்துலதான் போட்டான், கொஞ்சம் மீனும் வந்துச்சு. அப்பறம் அவனாவே சில துண்ட கழட்டி பின்னாடி வச்சுட்டு, காலைலயே அளந்து புள்ளி வச்சிருந்த ஓரத்துக்கு மாறினான். நான் ஒண்ணும் சொல்லல, நாக்க கடிச்சுக்கிட்டு நின்னேன். அந்த நேரம் பாத்து ஊர்லேர்ந்து அப்பா வீடியோ கால், சரின்னு போன திருப்பி அவனக் காட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு, "ஏன்டா, பின்னாடி அவ்ளோ கழிய போட்டு வச்சுக்கிட்டு, கரைலயா போடறான்?"ன்னாரு. பையன் திரும்பாமலே "என்ன சொல்றாரு?"ன்னு கேட்டான். சொன்னேன். சிரிச்சுக்கிட்டே உள்ளங்கைல 6 பெல்லட்ட எண்ணினான்.